நோட்டை வெயிலில் பிடித்துப் பார்த்த குரங்கு

தூத்துக்குடியில் எனக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் திரும்புகிற முக்கிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். மாடியில் வீடு, கீழே கடை. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. சாமி கும்பிடுவது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. காலையில் ஷட்டரைத் தொட்டுக் கும்பிடுவேன், தூக்கியதும் தராசைத் தொட்டுக் கும்பிடுவேன், பிறகு கல்லா, பிறகு படங்கள் எல்லாம். "இவ்வோ கும்பிட்டு முடிக்கதுக்குள்ள பால் பாக்கெட்டு திரிஞ்சி போவுது" என்பாள் என் வீட்டுக்காரி.

அவளால்தான் இந்தக் கதை.

ஒரு வருஷம் மழைத் தண்ணீர் எங்கள் தெருவில் முழங்காலளவு நின்றது. தண்ணீர் வடிந்ததும் கொசு வந்தது, கொசுவுக்குப் பின்னால் டெங்கு வந்தது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ரத்தத்தில் இருக்க வேண்டியது இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னார். வார்டு வாசலில் நின்று கையை எடுத்துக் கும்பிட்டு வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"குலசை அம்மா, தாயே! இவள எழுப்பி வீட்டுக்கு அனுப்பிரு. தசராவுக்கு நான் வேசம் போடுதேன். என் தெருவுல, என் கடை வாசல்லயே தட்டேந்திப் பிச்சை எடுத்து ஒன் காலடியில கொண்டாந்து போடுதேன்."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். குலசை எங்களுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற ஊர். அந்த அம்மனுக்கு எங்கள் பக்கத்தில் இப்படித்தான் நேர்வது. நினைத்தது நடந்தால், மாலை போட்டு விரதமிருந்து, தசரா சமயத்தில் காளியாகவோ ராஜாவாகவோ கரடியாகவோ வேடம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்டு, அதைக் கோயிலில் சேர்ப்போம். கார் வைத்திருப்பவரும் கேட்பார், கப்பலில் வேலை பார்ப்பவரும் கேட்பார். வேடம் போட்டவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். எல்லோரும் சாமிதான்.

இதை நான் மனசுக்குள் சொல்லியிருக்கலாம். பயத்தில் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்லிவிட்டேன். காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தவள் காதிலும் விழுந்துவிட்டது. அடுத்த வாரமே எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அம்மன் தன் வேலையை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டாள்.

என் வேலைதான் முடியவில்லை.

முதல் தசரா வந்தது. தீபாவளிச் சரக்கு இறங்குகிற நேரம், கடையை யார் பார்ப்பது என்று தள்ளிப் போட்டேன். அடுத்த தசராவுக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். வலி நிஜம்தான், ஆனால் அது தசராவுக்குப் பத்து நாள் முன்னால் வந்து, முடிந்த மறுநாள் போய்விட்டது. சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிவப்பு வேட்டி துண்டு வாங்கினேன். பித்தளைத் தட்டு ஒன்று வாங்கினேன். இரண்டையும் பையில் போட்டுக் கடைக்குள் ஓர் ஆணியில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் பைக்குச் சாம்பிராணி காட்டினேன். காட்டும்போதெல்லாம் பாதி நேர்ச்சை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வரும்.

ஒரு நாள் அவள் அந்தப் பையை இறக்கினாள். உள்ளே சிவப்பு வேட்டியை மெத்தையாக்கி எலி குட்டி போட்டிருந்தது.

அவள் பையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "எலிகூட இத உபயோகத்துக்குக் கொண்டு வந்துட்டு. நீங்க இன்னும் சாம்பிராணி போட்டுக்கிட்டே இருங்க."

"அடுத்த வருசம் கட்டாயம் போட்டுருவேம்ளா."

"போடுங்க. போட்டு முடிக்க வரைக்கும் எனக்குப் பூ வேண்டாம்."

நான் கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் பூக்காரி வழக்கம்போலக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். தினமும் எங்கள் வீட்டில் ஒரு முழம் கொடுத்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போவாள். என் வீட்டுக்காரி தலையை ஆட்டினாள்.

"ஏன் மைனி, வேற பூ வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்ளா. அவ்வோ நேர்ச்ச முடிக்கட்டும், அப்புறம் வச்சிக்கிடுதேன்."

பூக்காரி கடைக்குள் எட்டி என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?" என்றாள். அந்தக் கேள்வியில் என் நலம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

பூ வைக்காத தலை என்ன பெரிய விஷயம் என்று ஆண்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, பூத்தட்டை நீட்டினார்கள். அவள் சந்தனத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். தட்டு வைத்திருந்த பெண் இன்னொரு தடவை நீட்டினாள். இவள் மறுபடி கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். புருஷன் குத்துக்கல் மாதிரி பக்கத்தில் நிற்கும்போது ஒரு பொம்பிளை பூ வேண்டாம் என்றால், பார்க்கிறவர்கள் யாரைப் பார்ப்பார்கள்? பந்தியில் எனக்கு அப்பளம் வைத்தவர்கூட ஒரு மாதிரியாகத்தான் வைத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காற்றில் தலைமுடி மட்டும் பறந்தது. அவளுக்குப் பூ என்றால் உயிர். காய்ச்சலிலிருந்து எழுந்த அன்று கஞ்சிக்கு அடுத்தபடி அவள் கேட்டது பூதான். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் ஆடி முடிந்ததும் மாலை போட்டுவிட்டேன். இனிப் பின்வாங்க முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். பின்வாங்க முடியாவிட்டால் என்ன, பக்கவாட்டில் நகரலாமே என்று எனக்குள் ஒருத்தன் யோசித்துக்கொண்டிருந்தான்.

வேட சாமான் வாடகைக்கு விடுகிற கடைக்குப் போனேன். ராஜா வேடம் கேட்டேன். கிரீடம், பெரிய மீசை, ஜிகினா அங்கி. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே ஒரு மரியாதை வந்தது. கடைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்.

"அண்ணாச்சிக்கு நேர்ச்ச என்னது? ஊர்வலமா, பிச்சையா?"

"பிச்சைதான்."

"எங்கன?"

"எங்க தெருவுலதான்."

அவர் கிரீடத்தைக் கழற்றிவிட்டார். "அப்ப ராசா வேண்டாம். ராசா பிச்சை எடுக்க வெக்கப்படுவாரு. ரெண்டு வீட்டுக்கு மேல போவமாட்டாரு, நான் பாத்துருக்கேன். கொரங்கு போடுங்க. கொரங்குக்கு வெக்கம் கெடையாது. மூஞ்சியும் முழுசா மூடிரும்."

கடைசி வாக்கியத்தில் என் மனசு விழுந்துவிட்டது. முகம் முழுக்க மூடும் முகமூடி, பழுப்பு மயிர்ச் சட்டை, உள்ளே கம்பி வைத்து வளைத்த வால். வாடகைக்கு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷம் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தசரா தொடங்கிக் காப்புக் கட்டியாகிவிட்டது. முதல் நாள் விடிகாலையில் குரங்கைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். "தெருவுலயா?" என்று கேட்டாள். "மொதல்ல வெளியூரு, கைப்பழக்கம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஆறுமுகநேரிக்குப் பஸ் ஏறினேன். வெளியூரிலேயே தட்டு நிரம்பிவிட்டால் நேராகக் குலசைக்குப் போய்விடலாம், அம்மனுக்கு எந்தத் தெருக் காசு என்று பேதம் உண்டா என்பது என் திட்டம். இதை நான் அம்மனிடமே பஸ்ஸில் வைத்துக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறுமுகநேரியில் உப்பளத்துப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வேடம் கட்டினேன். முகமூடிக்குள் போனதும் உலகமே சின்னதாகிவிட்டது. இரண்டு ஓட்டை வழியாக வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல் தெரிந்தது. வெறுங்காலில் தார் ரோடு சுட்டது. குரல் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று பேசாமல் தட்டை மட்டும் நீட்டினேன். குரங்குதானே, யார் குறை சொல்வார்கள்? உப்பளத்துப் பெண்கள் முக்காட்டை விலக்கிக் கும்பிட்டுச் சில்லறை போட்டார்கள். ஒரு டீக்கடையில் டம்ளர் டீயைத் தட்டில் வைத்தார்கள். முகமூடியைத் தூக்காமல் எப்படிக் குடிப்பது என்று தெரியாமல், அதை அப்படியே பயபக்தியோடு இன்னொரு பிச்சைக்காரருக்குக் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள். எனக்கே கொஞ்சம் சாமி வந்துவிட்டது போலிருந்தது.

கடைத்தெருவில் ஓர் உரக்கடை வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தட்டை நீட்டினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சட்டைப்பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் போட்டார்.

நான் தாளை எடுத்தேன். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கோடு தெரிகிறதா என்று பார்த்தேன். திருப்பியும் பார்த்தேன். விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். பிறகுதான் தட்டில் வைத்தேன்.

கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம். கையும் கண்ணும் தானாகவே செய்துவிட்டன.

பேப்பர் கீழே இறங்கியது. பேப்பருக்குப் பின்னாலிருந்தது என் வீட்டுக்காரியின் அண்ணன்.

அவர் உரக்கடைக்காரரைப் பார்க்க வந்திருக்கிறார். ஊர் அதுதான் என்றாலும், அவர் காலை நேரத்தில் வயலில் இருப்பார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். எழுந்து வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"வே மாப்ள," என்றார்.

நான் குரங்கு மாதிரி தலையைச் சொறிந்தேன்.

"சொறியாதேயும். நோட்ட வெயில்ல புடிச்சிப் பாக்கிற கொரங்கு இந்தச் சில்லாவுலயே எங்க தங்கச்சி வீட்டுல மட்டுந்தான் உண்டு." கடைக்காரரிடம் திரும்பினார். "பாத்தீரா? காணிக்கை போட்டா கள்ள நோட்டான்னு பாக்குது!"

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் உர மூட்டைமேல் படுத்திருந்த பூனை இறங்கி ஓடியது. நான் முகமூடியைத் தூக்கினேன். வேறு வழியில்லை, மூச்சும் முட்டியது.

"மச்சான், நான் கைப்பழக்கத்துக்காக..."

"அங்கன தங்கச்சி பூ வைக்காம இருக்கா. நீரு இங்கன வந்து கைப்பழக்கம் பாக்கிறீரு." அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நேர்ந்தது எந்தத் தெருவுலவே?"

"எங்க தெருவுல."

"கடை வாசல்லன்னும் சொன்னீராம். அவ சொல்லிருக்கா. அம்மன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துருப்பா."

போனை எடுத்துத் தங்கைக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பிறகு அவள் குரல், மெதுவாக: "அண்ணே, அவ்வோ சாப்பிட்டாவளா? இல்லன்னா எதாச்சும் குடுத்து அனுப்பு. பெறவு பஸ் ஏத்தி விடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மச்சான் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்து, குரங்கோடேயே பஸ் ஏற்றிவிட்டார். முகமூடியைக் கழற்றிப் பையில் போட நினைத்தேன். "கழத்தாதேயும், போட்டுக்கிட்டே போய் எறங்கும். கழத்துனா நாளைக்கின்னு சொல்லுவீரு" என்றார். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. "சாமி எங்க எறங்கணும்?" என்று மட்டும் கேட்டார். நான் காசை நீட்டினேன், வேண்டாம் என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என்னை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

எங்கள் முக்கில் இறங்கினேன். மதிய வெயில். துறைமுகத்துக்குப் போகிற லாரி டிரைவர் ஒருவர் என்னைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தார். தெருவின் முதல் வீட்டு வாசலில் போய் நின்றேன். "குலசை அம்மனுக்குக் காணிக்கை" என்று சொல்லவேண்டும். நாலு சொல்கூட இல்லை. வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. உள்ளேயிருந்து வந்த வீட்டுக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாச்சி, உளுந்து வந்துட்டா? காலைல இருந்து கடையில மைனிதான் இருக்காவ, கேட்டா அவ்வோ வரட்டும்ங்காவ."

"வந்துட்டு. புது உளுந்து. நயமா இருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டுப் பார்த்தால் என் குரல் வெளியே வந்திருக்கிறது. உளுந்துக்கு வருகிற குரல் அம்மனுக்கு வராதா? உடனே, அந்தச் சூட்டோடேயே, "குலசை அம்மனுக்குக் காணிக்கை தாங்கம்மா" என்று சத்தமாகக் கூவிவிட்டேன். அந்த அம்மா திடுக்கிட்டு, பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, தட்டில் காசும் ஒரு பிடி அரிசியும் வைத்தார். உளுந்துப் பேச்சு அதோடு போயிற்று.

அடுத்த வீடு. அதற்கடுத்தது. எதிரே இருக்கிற மளிகைக்கடை, எனக்குப் போட்டிக்கடை. அங்கேயும் போய் நின்றேன். அவர் கல்லாவிலிருந்து ஒரு தாளை எடுத்து, தானே வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டி, "நல்ல நோட்டுதான் சாமி" என்று சொல்லித் தட்டில் வைத்தார். ஆறுமுகநேரியில் நடந்தது எனக்கு முன்னாலேயே பஸ் பிடித்து வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். தெருவே சிரித்தது. முகமூடிக்குள் நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாக எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஓடினேனோ, அது அவ்வளவுதான். கொஞ்ச நேரம் காதில் விழுந்தது, பிறகு தீர்ந்துவிட்டது.

கடைசியில் என் கடை.

நான் உட்காருகிற இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கம் நின்றே பழகியவன் நான். இந்தப் பக்கம் வாடிக்கைக்காரர் நிற்கிற இடத்தில் நின்று என் கடையை நான் பார்த்ததே இல்லை. கடை இருட்டாக இருந்தது. அவள் தலை வெறுமையாக இருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டி, முன்நெற்றி ஏறியிருந்ததும் அங்கிருந்துதான் தெரிந்தது. வீட்டுக்குள் தினமும் பார்த்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

"குலசை அம்மனுக்குக் காணிக்கை தாங்கம்மா" என்றேன்.

அவள் கடை அரிசியைத் தொடவில்லை. மாடிக்குப் போய் வீட்டு அரிசியை இரண்டு கையாலும் அள்ளிவந்து தட்டில் போட்டாள். பிறகு குனிந்து, ஒரு குரங்கின் வெறுங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமி," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க வீட்டுக்காரருக்கு நல்ல புத்தி குடுங்க."

"குடுத்தாச்சும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

சரியாக அப்போது பூக்காரி வந்துசேர்ந்தாள். தட்டைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். "எங்கிட்ட இன்னும் போணியாவல சாமி, இதான் இருக்கு" என்று ஒரு முழம் மல்லிகையை அரிசிக்கு மேல் வைத்தாள். வாசனை முகமூடிக்குள் வந்தது. எனக்கு உடனே கை துறுதுறுத்தது. பூவை எடுத்து எதிரே இருப்பவளிடம் நீட்டினேன்.

அவள் இரண்டடி பின்னால் போனாள். "அய்யய்ய! அது அம்மனுக்கு வந்ததுல்லா. தட்டுக்கு வந்தத வீட்டுக்குத் தாரியளா? கொண்டுபோய்ச் சேருங்க."

தசரா முடிவில் குலசையில் கடலுக்கும் கோயிலுக்கும் நடுவில் மண் தெரியாத கூட்டம். எனக்கு முன்னால் ஒரு காளி, பின்னால் ஒரு கரடி, பக்கத்தில் இரண்டு போலீஸ். அந்தப் போலீஸ் நிஜமா வேடமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. தெருக் காணிக்கையை உண்டியலில் சேர்த்தேன். ஆறுமுகநேரிக் காணிக்கையையும் சேர்த்தேன், அதற்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்டேன். வாடிப்போயிருந்த பூவைப் பூசாரியிடம் கொடுத்தேன். அவர் அம்மன் காலடியில் வைத்து, ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளித் திருப்பிக் கொடுத்தார். அம்மா, முடித்துவிட்டேன் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்றும் கேட்காமல் நான் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பூவை எங்கே வைப்பது? குரங்குச் சட்டையில் பை கிடையாது. முகமூடியைக் கழற்றி அதற்குள் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். கடலில் குளிக்கும்போதுகூடத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முகமூடியை அப்படியே அவளிடம் நீட்டினேன். உள்ளே கையை விட்டுப் பூவை எடுத்தாள். முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, மல்லியப் பூவுல கொரங்கு நாத்தம் அடிக்கி!"

"அத்தன நாள் வேர்வைளா அது."

"அதான் பாத்தேன்," என்று சொல்லிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, பழுப்பேறிப்போன அந்தச் சாண் பூவைக் கொண்டையில் சொருகிக்கொண்டாள். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் கண் நிறைந்துவிட்டது தெரிந்தது. எனக்கும்தான்.

அந்த உருக்கத்தில் நெஞ்சில் கையை வைத்தேன். "ஏளா, இனிமே தெனமும் நானே ஒனக்குப்..."

பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதிய! ஒரு வார்த்த சொல்லாதிய! அம்மன் கேட்டுறப் போறா."

நான் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் பூக்காரி வந்தபோது கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். ஒன்றும் பேசாமல் கையை நீட்டினேன். அவள் ஒரு முழம் அளந்து என் கையில் வைத்து, கூடையைத் தூக்காமல் நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"சில்லறை தாரேன் அண்ணாச்சி. நோட்டக் குடுங்க, நான் வெயில்ல புடிச்சிப் பாக்கணும்."

மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பூவோடு மேலே ஏறினேன்.